நாற்பதாயிரம் ரூபாய் சக்கரவர்த்தி

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் நம் ஆட்கள் முதலில் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பளபளவென்று வந்ததும் பல்லால் லேசாகக் கடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் கண்ணில் படுகிற முதல் பேண்ட் போட்ட ஆசாமியிடம், "இது ஒரிஜினலா சார்?" என்பார்கள்.

போன மாதம் அந்தப் பேண்ட் போட்ட ஆசாமி நான்.

கேட்டவர் போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிற தம்பி. (பெயர் வேண்டாம். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதைப் படித்து யாராவது பெண் தர மறுத்தால் பாவம் எனக்குத்தான்.) போடிமெட்டுச் சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் களை எடுக்கும்போது மண்ணிலிருந்து வந்த காசு என்று ஒருத்தர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி காசாம். மிளகு வாங்க வந்த யவனன் இடுப்பு மடியிலிருந்து விழுந்ததாம். விலை நாற்பதாயிரம். 'மெட்ராஸ் பார்ட்டி நாலு லட்சத்துக்குக் கேக்குது, எனக்குத்தான் அவசரம்' என்று கூடவே ஒரு வசனம். தம்பி ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கென்று கட்டிவருகிற சீட்டைத் தள்ளி எடுக்க உத்தேசம்.

"ஒரிஜினலா இல்லியான்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மிச்சத்த நா பாத்துக்குறேன்."

நான் படித்தது பி.காம். ஆனால் பத்துப் பதினைந்து வருஷமாகப் பழைய காசுப் பைத்தியம் உண்டு. லென்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். (லென்ஸ் வைத்திருப்பவனை ஊரில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஜோசியர்களுக்கு இது தெரியும்.)

காசு சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிசு. குறுக்கே 13 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசில் 1.2 கிராம். இந்த அளவைப் பார்த்ததுமே பாதிப் பேர் முகம் சுளித்துவிடுவார்கள். ரோமாபுரி என்றால் சிவாஜி கணேசன் சைஸில் ஏதோ எதிர்பார்ப்பார்கள் போல!

போடிப் பக்கம் ஒரு வட்டச் செப்புக்காசு கிடைத்தால் அது ரோமாபுரியாக இல்லாமல் போக ஆயிரம் வழி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பழைய திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அதனால் சங்கு முத்திரை போட்ட சக்கரம், காசு எல்லாம் இங்கே வீட்டு உண்டியல்களில் சகஜம். டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரைக் காசும் உண்டு. (நம் கப்பலோட்டிய தமிழர் காசு அடித்தார் என்று என்னிடம் சத்தியம் செய்தவர் ஒருத்தர் இருக்கிறார்.) நாயக்கர் காலத்துக் காசுகள் கட்டை குட்டையாக இருக்கும். தம்பியே இன்னொரு காசையும் சேர்த்துக் காட்டினார். அதில் 'ஆர்.வி.' என்று இரண்டு எழுத்து பின்னிக்கொண்டு இருந்தது. "ரோமன் விக்டரிண்ணே" என்றார். அது ராம வர்மா. திருவிதாங்கூர் மகாராஜா. விக்டரி கிடையாது.

சின்னக் காசுக்கு வருகிறேன். தலைப் பக்கத்தில் வலது பார்த்த முகம். தலையைச் சுற்றி முத்துக் கோத்த பட்டை, பின்னால் முடிச்சு, முடிச்சிலிருந்து தொங்கும் நாடா. இந்த முத்துப்பட்டை நல்ல துப்பு. முதலிரண்டு நூற்றாண்டுச் சக்கரவர்த்திகள் என்றால் பெரும்பாலும் இலை மாலை. மூன்றாம் நூற்றாண்டுக் காசுகளில் சூரியக் கதிர் மாதிரி முள்முள்ளாகக் கிரீடம் நிறைய வரும். முத்துப்பட்டை கான்ஸ்டன்டைன் காலத்தில், அதாவது நாலாம் நூற்றாண்டில், வழக்கத்துக்கு வந்தது. ஆகவே நம்மாள் கி.பி. 300க்கு அப்புறம்தான்.

எந்த நம்மாள்?

முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தால் போச்சு. இந்தக் காலத்துச் சின்னக் காசுகளில் எல்லாச் சக்கரவர்த்திக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. ரேஷன் கார்டு போட்டோவில்கூட இதைவிட வித்தியாசம் தெரியும். சுற்றி எழுத்து இருக்கிறதே என்றால், தேய்ந்தது பாதி, அச்சு விலகிக் காசுக்கு வெளியே போனது பாதி. முழுசாக இருந்தால் முதலில் 'டி.என்.' என்று ஆரம்பிக்கும். டோமினஸ் நாஸ்டர். நம் எஜமானர் என்று அர்த்தம். அப்புறம் பெயர். அதற்கப்புறம் 'பி.எஃப்.' ஆபீஸ்காரர்கள் பரவசப்பட வேண்டாம், இது பயஸ் ஃபெலிக்ஸ்: பக்திமான், பாக்கியசாலி. கடைசியில் 'ஏ.வி.ஜி.' - அகஸ்டஸ். அந்த எழுத்துகளில் 'யு' என்பதே கிடையாது, எல்லாம் 'வி'தான். இது தெரியாமல் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

பூவா தலையா போட்டுப் பார்க்கிறோமே, அதில் பூ இருக்கிறதே, அங்கேதான் ஜாதகம். தேர்ந்த நாணயக்காரர்கள் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருப்பிவிடுவார்கள். ரோமாபுரி டங்கசாலைகள் பின்பக்கத்துப் படத்தைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தன. அதனால் படம் தெரிந்தால் வருஷம் தெரியும். இரண்டு சிப்பாய்கள் நடுவில் கொடி என்றால் 330லிருந்து 341க்குள். குதிரையிலிருந்து விழுகிறவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்தினால் 348லிருந்து 361 வரை. இலை வளையத்துக்குள் 'வோட்' என்று எழுதி ரோமன் எண்கள் இருக்கும் ரகம் ஒன்று உண்டு. தேர்தல் சமாசாரம் இல்லை, நேர்த்திக்கடன்! பத்து வருஷம் நல்லபடியாக ஆட்சி நடந்தால் செய்கிறேன், இருபது வருஷம் நடந்தால் இன்னும் செய்கிறேன் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டது. நம் பழனி, சபரிமலைக் கணக்குதான்.

தம்பியின் காசைத் திருப்பினேன். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். (நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். செல்போன் டார்ச்சைக் காசுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டால் உத்தமம்.) இறக்கை முளைத்த ஒரு பெண் இடது பக்கம் நடக்கிறாள். தோளில் ஒரு கம்பு. இன்னொரு கையால் கீழே கிடக்கும் ஒருத்தனை இழுத்துக்கொண்டு போகிறாள். அவள் வெற்றித் தேவதை, இவன் போர்க் கைதி. இந்தப் படத்தைச் சுற்றி லத்தீனில் எழுதியிருப்பது 'சாலுஸ் ரெய்ப்பூப்ளிக்கே'. தேசத்தின் க்ஷேமம் என்று பொருள். ஒருத்தனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற படத்துக்குக் கீழே க்ஷேமம்! அரசாங்க விளம்பரங்கள் அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

இந்த ரகம் 388 வாக்கில் ஆரம்பித்தது. அடித்தவர்கள் முக்கியமாக நாலு பேர்: தியோடோசியஸ், அவர் மைத்துனர் இரண்டாம் வாலன்டினியன், மகன்கள் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ். ஆக ஜாதகம் நாலு பேருக்குள் வந்துவிட்டது. மறுபடி தலைப்பக்கம். பின்மண்டைக்குப் பின்னால் மூன்று எழுத்து மட்டும் மிச்சம்: ஏ, டி, ஐ. நாலு பெயரையும் எழுதிப் பார்த்தால், இந்த மூன்றும் இதே வரிசையில் வருவது ஆர்க்கேடியஸ் ஒருத்தருக்குத்தான். 377 வாக்கில் பிறந்தவர். 383ல் அப்பா பட்டம் சூட்டிவிட்டார். இந்த ரகக் காசு வந்தபோது பையனுக்கு ஆறாம் கிளாஸ் வயசு. காசில் இருப்பதோ வளர்ந்த ஆளின் தாடை. முகத்தை நம்பாதீர்கள் என்று சொன்னேனே!

படத்துக்கு அடியில், கோட்டுக்குக் கீழே, டங்கசாலையின் அடையாளம் இருக்கும். இதில் 'ஏ, என்' வரை தெரிந்தது. அதற்கு அடுத்த 'டி' காசின் ஓரத்தோடு போய்விட்டது. அந்தியோக்கியா. இன்றைய துருக்கியில் அந்தாக்யா. 2023 பிப்ரவரி பூகம்பத்தில் தரைமட்டமான அதே ஊர்.

விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டினேன். வார்ப்படத்தில் ஊற்றிய போலி என்றால் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், மேலே ஊசிமுனை அளவு குமிழ்கள் இருக்கும், எழுத்துகள் சோப்பில் செதுக்கியது மாதிரி மழுங்கியிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அந்தக் காலத்திலேயே ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த நகல்கள் உண்டு. அவற்றில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடு கோடாக இருக்கும். எழுதியவனுக்கு லத்தீன் தெரியாது, பாவம். இதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

"ஒரிஜினல்தான்" என்றேன்.

தம்பி முகத்தில் நாலு லட்சம் தெரிந்தது.

"விலை சில நூறு ரூபாய்."

அந்த முகம் அப்புறம் போன போக்கை எழுத மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். இரிடியம் கலசம் வகையறா மோசடிகளில் சரக்கே பொய். போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்களுக்காவது அது விளங்கிவிடும். இங்கே சரக்கு நிஜம், அதைச் சுற்றிய கதையும் விலையும் பொய். 'ஒரிஜினலா?' என்று எத்தனை நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். காசை விற்க வருகிறவருக்கு அதைவிட நல்ல ஏஜென்ட் யார்?

விலை ஏன் இவ்வளவு குறைவு? இங்கே என் பி.காமைக் கொஞ்சம் உபயோகித்துக்கொள்கிறேன். ஆர்க்கேடியஸ் போட்டது சில்லறை. படு சில்லறை. 445ல் ரோமாபுரியில் ஒரு சட்டம் போட்டார்கள். காசுக்கடைக்காரரிடம் 7,200 சில்லறை கொடுத்து வாங்கிய ஒரு பொற்காசை 7,000 சில்லறைக்குக் குறைந்து யாரும் விற்க வைக்கக் கூடாது என்று. பொற்காசின் எடை சுமார் நாலரை கிராம். அதாவது அரைப் பவுனுக்கும் கொஞ்சம் அதிகமான தங்கத்துக்கு ஒரு மூட்டைச் செப்புக்காசு! அப்படிப்பட்ட காசைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினால்தான் கடைத்தெரு ஓடும். அடித்தார்கள். அதில் நம் பக்கமும் ஏராளமாக வந்து சேர்ந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மதுரை வைகை மணலிலும் உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி, கரூர், மதுரை, திருக்கோவிலூர்க் காசுகளை மட்டும் வைத்து 1994ல் ஒரு புத்தகமே போட்டார். ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் அகழ்வாராய்ச்சியிலேயே இந்தக் காலத்து ரோமானியக் காசுகள் வந்தன.

இதில் ஒரு வேடிக்கை. யவனர் மிளகு வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். முசிறிக்கு அவர்கள் கப்பல் வந்தது அகநானூற்றிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பிளினி என்பவர், இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று புலம்பி வைத்தார். அன்னியச் செலாவணிப் புலம்பலின் கொள்ளுத்தாத்தா! அதெல்லாம் முதல் நூற்றாண்டு. அப்போது வந்தது தங்கமும் வெள்ளியும். இந்தச் சின்ன வெண்கலக்காசு வந்தது அதற்கு முன்னூறு வருஷம் கழித்து. ஏன் வந்தது? தங்கம் கொடுத்தால் மிளகு தருவான், சரி. 7,000 சேர்ந்தால் ஒரு பொற்காசு ஆகிற சில்லறையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு எதற்காக வர வேண்டும்?

ராபர்ட் சீவெல் 1904ல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பட்டியல் போட்டபோது, மதுரையில் ரோமானியர்களே குடியிருந்திருக்க வேண்டும், அவர்கள் கைச்செலவுக் காசு இது என்றார். அப்புறம் வந்தவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நம் ஜனங்களே கடைகண்ணிக்குச் சில்லறையாகப் பயன்படுத்தினார்கள் என்கிறார்கள் சிலர். உருக்குவதற்கு வந்த பழைய உலோகம் என்பது இன்னொரு கட்சி. எனக்குச் சில்லறைக் கட்சிதான் சரியாகப் படுகிறது. உருக்குவதற்கு வந்திருந்தால் இவ்வளவு தேயாது. தேய்ந்த காசு கைமாறிய காசு. தவிர, பழைய இரும்புக்கடைச் சரக்கைப் பார்த்து இலங்கையில் எவனாவது உட்கார்ந்து நகல் அடிப்பானா?

தம்பியிடம் கேட்டேன், "எந்தத் தோட்டத்துல கெடச்சதுன்னு சொன்னாரு?"

"மொத வாட்டி மெட்டுச் சரிவுன்னாரு. அப்பறம் கொட்டகுடி ஆத்துலன்னாரு. நேத்து கேட்டா தாத்தா பொட்டியில இருந்துச்சுங்குறாரு."

ஒரு காசு மூன்று இடத்தில் கிடைக்க முடியாது. புளி போட்டுத் தேய்த்ததில் ஒட்டியிருந்த மண்ணும் போய்விட்டது. சிவப்புச் செம்மண்ணா, ஆற்று மணலா என்று பார்க்கக்கூட வழியில்லை. பச்சைப் படிவமும் போய்க் காசு செருப்பாணி மாதிரி ஆகியிருந்தது.

இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் காசு நிஜமாகவே போடிமெட்டுச் சரிவில் கிடைத்திருந்தால், அதுவும் இந்த இடத்தில், இவ்வளவு ஆழத்தில் என்று யாராவது குறித்து வைத்திருந்தால், நாலு லட்சம் என்ன, அதற்கு விலையே போட முடியாது. மேற்குக் கடற்கரையிலிருந்து ரோமானியச் சரக்கு கிழக்கே வந்த வழி பாலக்காட்டுக் கணவாய் என்று எப்படிச் சொல்கிறோம்? வழி நெடுகக் காசு சிந்தியிருக்கிறது. பொள்ளாச்சியில் 1800ல். கோவை வெள்ளலூரில் 1842, 1891, 1931 என்று மூன்று தடவை வெள்ளிக்காசுப் புதையல். அப்புறம் கரூர். புள்ளி வைத்துக் கோடு இழுத்த மாதிரி. ஏலமலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மதுரைக்கு ஒரு நடைபாதை இருந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முந்தல் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறுகிற இன்றைய ரோட்டில் போனால் அப்படி நினைக்காமல் இருக்க முடியாது. கீழே போடி மொத்தமும் உள்ளங்கை மாதிரி தெரியும். ஆனால் நினைப்பது வேறு, புள்ளி வைப்பது வேறு. புள்ளி வைக்க இடத்தோடு சேர்ந்த காசு வேண்டும். இடம் தொலைந்த காசு வெறும் 1.2 கிராம்.

போடிக்கே இதற்கு உதாரணம் இருக்கிறது. முன்பு இங்கே ஒரு புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக்காசுகள் கிடைத்தன. பின்பக்கம் மீன் மாதிரிக் குறி. பாண்டியர்களுடையது என்கிறார்கள். நாணய ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் அதைப் 'போடிநாயக்கனூர்ப் புதையல்' என்றுதான் சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதால் பாண்டியன் இந்த மலையடிவாரம் வரை காசு விட்டான் என்று பேச முடிகிறது. அதே காசுகள் ஒவ்வொன்றாக ஏதோ கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்திருந்தால் வெறும் வெள்ளித் துண்டுகள்.

தம்பி விவகாரம் ஓரளவு சுபம். பெரிய ஆட்களை வைத்துப் பேசியதில் ஐயாயிரத்தில் மூவாயிரம் திரும்பி வந்தது. இரண்டாயிரத்துக்குக் காசு அவரிடமே. சீட்டு பத்திரம். மெட்ராஸ் பார்ட்டி இதுவரை தென்படவில்லை.

ஆனால் ஏலத்தோட்டத்தில் நிஜமாகவே காசு கிடைக்கலாம். விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மெட்டு ஏறுகிற பெண்கள்தான் அந்த மண்ணைத் தினம் கிளறுகிறவர்கள். அவர்களில் ஒருத்தருக்குக் கிடைத்தால் என்ன செய்வது? புளி, எலுமிச்சை, பிராஸோ மூன்றையும் தள்ளி வைத்துவிட்டு, காசை மண்ணோடு ஒரு பேப்பர் கவரில் போடவும். கவர்மேல் தேதி, தோட்டம், எந்தப் பக்கச் சரிவு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் பானை ஓடு ஏதாவது இருந்ததா என்று எழுதவும். வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் அது செம்பைத் தின்கிற நோய். ஈரம் படாமல் வைத்துச் சீக்கிரம் மியூசியத்தில் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் மியூசியத்தில் நாணயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மதுரையிலும் அரசு மியூசியம் உண்டு.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்துப் பத்து ரூபாய், இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. சொந்தக்காரர் யாரும் இல்லையென்றாகி, நிலத்துக்காரர் பங்கு கேட்டால், எடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்த உலோகத்தின் விலையும், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் தரும். தங்கப் புதையல் என்றால் பேஷ்! ஆர்க்கேடியஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1.2 கிராம் வெண்கலத்தின் விலை, பிளஸ் இருபது பர்சென்ட். கலெக்டர் ஆபீஸ் தேனியில். போடியிலிருந்து போகிற பஸ் டிக்கெட்டுக்கே அது காணாது. களை எடுக்கிற அம்மாளுக்கு அன்றைய கூலியும் போகும்.